வசந்தாமணி எழுதிய ஒரு சொல்

வாய்க்கால்மேட்டில் அந்த வைகாசி மத்தியானம் வானம் கழுவிக் கவிழ்த்த வட்டில் மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஒரு துணுக்கு மேகம்கூட இல்லை. ஆனாலும் தெருவுக்குத் தெரு பெண்கள் மாடிப்படி ஏறி ஓடி, காயப் போட்டிருந்த மிளகாயையும் துணிமணியையும் வாரிக்கொண்டு இறங்கினார்கள். இறங்கி மூச்சு வாங்கிய பிறகுதான் வெயில் அப்படியே இருப்பதையும், மழைச்சத்தம் மேலிருந்து வராமல் வீட்டுக்குள்ளிருந்து, அதுவும் நாற்காலிமேல் விரித்து வைத்திருந்த பத்திரிகைக்குள்ளிருந்து வருவதையும் கவனித்தார்கள்.

பத்திரிகையின் பெயர் ‘புதுப்பாவு’. அச்சகக்காரர் அர்த்தநாரி மாதா மாதம் கொண்டுவருவது. அதில் கதை எழுதியிருந்தவள், தறிப்பட்டறை வைத்திருந்ததால் பட்டறை வீடு என்று பெயரெடுத்த வீட்டின் சின்ன மருமகள் சம்பூர்ணம். அவள் ‘சோவென்று மழை பிடித்துக்கொண்டது’ என்று எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தைப் பிரித்தால் சோவென்று பெய்தது, மூடினால் நின்றது. அடுத்த பக்கத்தில் ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டென்று தண்ணீர் விழுவதாக எழுதியிருந்தாள். பக்கத்தைத் திருப்பிய விரலில் ஈரம் படாமல் சொட்டுச் சொட்டென்று விழுந்தது. நடந்தது இவ்வளவுதான். ஏன் நடந்தது, எப்படி நடந்தது என்று எங்கள் ஊரில் யாரும் மெனக்கெட்டுக் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து விசைத்தறிச் சத்தத்துக்குள்ளேயே சாப்பிட்டு, சண்டை போட்டு, கல்யாணம் செய்து, செத்தும் போகிற ஜனங்கள் நாங்கள். பஸ்ஸில் ஏறிய புது ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்வதுபோல, அந்தப் புதுச் சத்தத்துக்கும் நகர்ந்து இடம் கொடுத்தோம்.

இடம் கொடுத்ததோடு நிற்கவில்லை, புழங்கவும் தொடங்கினோம். அழுகிற பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டு, தலைமாட்டில் மழைப் பக்கத்தைப் பிரித்து வைத்தார்கள் தாய்மார்கள். அடுத்த மாதக் கதையில் அவள் ‘சுர்ரென்று தாளிப்பு’ என்று எழுதியதும், ஆஸ்பத்திரியில் கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பக்கத்தைக் காதோரம் வைத்துக்கொண்டு கஞ்சியை முழுக்கக் குடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழய்யா இரட்டைக்கிளவிப் பாடத்துக்குப் புத்தகத்தை மூடிவிட்டு ‘புதுப்பாவு’ பிரித்தார். ‘சலசல’வைப் பிள்ளைகள் கேட்டார்கள், பாதியை விரலால் மறைத்து ஒற்றைச் ‘சல’வை மட்டும் காட்டியபோது ஒன்றுமே கேட்காததையும் கேட்டார்கள். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு யாரும் தப்பு எழுதவில்லை. செத்துப்போன தன் வீட்டுக்காரர் தவறாமல் மூன்றுதரம் செருமிவிட்டுத்தான் வாசலேறுவார் என்று சொல்லி, அந்தச் செருமலை எப்படியாவது எழுதித் தரும்படி ஒரு கிழவி வந்து நின்றாள். ‘க்கும்’ என்று எழுதுவதா, ‘ஹ்ரும்’ என்று எழுதுவதா என்று சம்பூர்ணம் ஒரு பகல் முழுக்க அவளோடு உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதி, கடைசியில் ஒன்றைப் பிரித்துக் காட்டியதும் கிழவி சட்டென்று முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

இத்தனையையும் பட்டறை வீட்டுச் சமையற்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் வசந்தாமணி.

வசந்தாமணி பட்டறை வீட்டுப் பெரிய மருமகள். அண்ணன் ஈஸ்வரமூர்த்திக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள், தம்பி குழந்தைவேலுவுக்குச் சம்பூர்ணம். சம்பூர்ணம் இந்த வீட்டுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே வசந்தாமணி கதை எழுதுகிறவள். ஊரில் எழுத்தாளரம்மா என்றால் அவள்தான். பட்டணத்துப் பத்திரிகைகளில்கூட அவள் கதை வந்திருக்கிறது. ஒரு வாக்கியத்தை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, ஒரு வார்த்தை கூடினாலும் சோற்றில் கல் கடிபட்டதுபோல முகம் சுளிக்கிறவள். ‘புதுப்பாவு’க்கு ஆரம்பத்திலிருந்தே பிழை திருத்திக் கொடுப்பவளும் அவள்தான். ஓசைச் சொற்கள் மட்டும் அவளுக்கு ஆகாது.

“மழை பேஞ்சுதுன்னு எழுதினாப் போதும் புள்ள,” என்று ஆரம்பத்தில் சம்பூர்ணத்தின் கதையைப் படித்துவிட்டு அவள் சொன்னாள். “படிக்கறவனுக்கு அவனோட மழை ஒண்ணு இருக்குமல்ல? சோன்னு, சடசடன்னு, தடதடன்னு நீ எதுக்கு ஊதித் தர்றே? சின்னப் புள்ளைக்கு வேடிக்கை காட்டறதாட்டம்.”

“அப்படி இல்லீங்க்கா,” என்றாள் சம்பூர்ணம். “சோன்னு பேயற மழை வேற, சடசடன்னு பேயற மழை வேற. சோன்னா ஊரு முழுக்க ஒரே மழை. சடசடன்னா தகரக் கொட்டாய் மேல பேயறது. எந்த மழைக்குள்ள நிக்கறம்னு தெரியோணுமுங்களே.”

வசந்தாமணி சிரித்துவிட்டு, சிவப்புப் பேனாவால் ‘சோவென்று’ என்பதை அடித்தாள். சம்பூர்ணம் அச்சுக்குப் போகும் முன் அதை மறுபடி எழுதி வைத்தாள். அந்தச் சொல்தான் பெய்தது.

முதலில் வசந்தாமணிக்கு வந்தது பொறாமை என்று அவளுக்கே தெரியாது. நெஞ்சுக்குழியில் பழைய சோற்றுப் புளிப்பு மாதிரி ஏதோ ஏறியது, சுக்கு தட்டிப் போட்டுக் குடித்தாள், இறங்கவில்லை. அப்புறம் ஒருநாள் சாயங்காலம் அவள் புருஷன் ஈஸ்வரமூர்த்தி, கல்யாணமான நாளிலிருந்து அவள் எழுதிய ஒரு கதையைக்கூட முழுசாகப் படித்திராத மனுஷன், கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, ‘புதுப்பாவு’வைக் காதோடு அணைத்து வைத்துக் கண்ணை மூடியிருந்ததைப் பார்த்தாள்.

“தவளைச் சத்தம்,” என்றான் அவன், கண்ணைத் திறக்காமல். “அப்படியே எங்கப்பன் காலத்து வாய்க்கால். நீயும் இப்படி ஒண்ணு எழுதேன் வசந்தா.”

அன்றைக்குத்தான் அந்தப் புளிப்பின் பெயர் அவளுக்குத் தெரிந்தது.

அதன்பின் அவள் எழுதிப் பார்த்தாள். யாருக்கும் தெரியாமல், அடுப்பங்கரையில் உட்கார்ந்து, இதுவரை தீண்டாத சொற்களையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு எழுதினாள். கலகலவென்று சிரிப்பை எழுதினாள், கிணுகிணுவென்று மணியை, நறநறவென்று பல்லை, திடுதிடுவென்று ஓடுகிற காலை, கொதிக்கிற உலையை, முறிகிற கிளையை, உதிர்கிற இலையை. காகிதம் காகிதமாகவே கிடந்தது. சம்பூர்ணத்தின் பேனாவை எடுத்து எழுதினாள். சம்பூர்ணம் உட்காரும் பலகையில், அவள் மாதிரியே ஒரு காலை மடித்து உட்கார்ந்து எழுதினாள். சம்பூர்ணம் வெறும் வயிற்றில் வெந்தயம் தின்கிறாள் என்று தானும் தின்றாள். ஒரு கொசுகூட அவள் பக்கத்திலிருந்து ரீங்காரமிடவில்லை.

அதைவிடக் கொடுமை, சம்பூர்ணம் அவளிடம் பிரியமாக இருந்தது. புதுச் சத்தம் எதை எழுதினாலும் முதலில் ஓடிவந்து, “அக்கா, கேளுங்க” என்று பிரித்து நீட்டுவாள். “நல்லாருக்குது” என்பாள் வசந்தாமணி. அது நன்றாகத்தான் இருக்கும். அதுதான் எரியும்.

அந்த வருஷத் தேர்த்திருவிழாவுக்காக ‘புதுப்பாவு’ சிறப்பிதழ் போட்டது. வீட்டுக்கு வீடு ஒரு பிரதி வேண்டும் என்று ஊரே கேட்டு வைத்திருந்தது. காரணம், சம்பூர்ணம் முதன்முதலாகத் தறியை எழுதியிருந்தாள். அர்த்தநாரியின் அச்சகத்தில், மை வாசத்துக்கு நடுவில், வசந்தாமணி கடைசிப் பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். ‘காலையில் கண் விழித்தபோது தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன’ என்ற வரிக்கு வந்தாள். வெளியே நிஜத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, அவற்றையும் தாண்டி யாரோ தெருவில், “சம்பூர்ணக்கா வீடு எதுங்க?” என்று விசாரிப்பது கேட்டது, அர்த்தநாரி யாரிடமோ சம்பூர்ணத்தைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பது கேட்டது, சம்பூர்ணம், சம்பூர்ணம், சம்பூர்ணம் என்று தறிகளே சொல்வதுபோலக் கேட்டது. எல்லாம் ஒரு நிமிஷம் வாயை மூடாதா என்று இருந்தது அவளுக்கு. சிவப்புப் பேனாவால் ‘தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன’ என்பதை அடித்து, பக்கத்தில் எழுதினாள்: ‘கப்சிப்பென்று அடங்கின.’

தாளை மடித்து அர்த்தநாரியிடம் கொடுத்துவிட்டுக் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

இதழ் வீடுகளுக்குப் போன காலையில், முதல் ஆள் அந்தப் பக்கத்தைப் பிரித்ததும் அவர் வீடு அடங்கியது. அடுத்த ஆள் பிரித்ததும் அடுத்த வீடு, பிறகு தெருத்தெருவாக. இட்லிச் சட்டி ஆவி சத்தமில்லாமல் எழுந்தது, குழாய்த் தண்ணீர் சத்தமில்லாமல் குடத்தில் விழுந்தது, நாய்கள் வாயைத் திறந்து திறந்து மூடிவிட்டுத் தங்களையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டன. கடைசியில் தறிகள். அவை ஓடின, ஊடைநூல் ஓட்டுகிற நாடா இப்படியும் அப்படியும் பறந்தது, துணி இறங்கியது, ஆனால் ஓடுகிற தறியைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்ப்பதுபோல இருந்தது. பத்திரிகையை மூடிப் பார்த்தோம். மழையைத்தான் மூட முடிந்தது, இதை மூட முடியவில்லை. ஒருவர் தன் பிரதியைக் கொளுத்திப் பார்த்தார். தீ சத்தமில்லாமல் எரிந்தது, சாம்பல் விழுந்த இடத்திலும் சத்தம் இல்லை.

பயப்பட்டோம் என்று நினைப்பீர்கள். உண்மையில் முதல் சில நாட்கள் ஊருக்கு அது திருவிழாவைவிடப் பெரிய திருவிழா. பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து அடங்காத இரைச்சல் அடங்கியிருக்கிறது. ஆட்கள் பட்டப்பகலில் வாசலில் கயிற்றுக்கட்டில் போட்டுத் தூங்கினார்கள். மாமியாரும் மருமகளும் கையை ஆட்டிச் சண்டை போட்டு, பாதியில் சலித்து, சேர்ந்து வெங்காயம் உரித்தார்கள். எல்லோர் இடுப்பிலும் ஒரு சிலேட்டு, சாக்கட்டி. பேச்சு குறைந்ததால் பொய்யும் குறைந்தது, எழுதிச் சொல்ல அலுப்பாக இருந்ததால். நூலகச் சுவரில், பஸ் நிறுத்தத்தில், அச்சகக் கதவில் எல்லாம் சாக்கட்டியால் எழுதியிருந்தார்கள்: ‘சம்பூர்ணம் வாழ்க.’ ‘மழை தந்தவள் அமைதியும் தந்தாள்.’ அர்த்தநாரி தன் கடைப்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தார்: ‘சம்பூர்ணம் எழுதியதிலேயே தலைசிறந்த சொல் இதுதான்.’

அந்தப் பலகைக்கு முன்னால் வசந்தாமணி நெடுநேரம் நின்றாள். காலமெல்லாம் எழுதி ஒரு சொல்லுக்குக்கூட உயிர் வரவில்லை. வந்த ஒரே சொல்லுக்கும் பெற்றவள் என்ற பெயர் இன்னொருத்திக்குப் போய்விட்டது. அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. அது அவளுக்கே கேட்கவில்லை.

சம்பூர்ணத்துக்கு அது தன் சொல் இல்லை என்று இதழ் வந்த அன்றே தெரியும். வீட்டுப் பிரதியை எடுத்து, அந்தச் சொல்லைத் தன் பேனாவால் அடித்துப் பார்த்தாள்; ஒன்றும் ஆகவில்லை. பேனாவை வைத்துவிட்டுத் தலை நிமிர்ந்து, கூடத்தின் அந்தப் பக்கம் அரிசி புடைத்துக்கொண்டிருந்த வசந்தாமணியைப் பார்த்தாள். வசந்தாமணியும் பார்த்தாள். இருவர் மடியிலும் சிலேட்டு இருந்தது. இருவரும் எழுதவில்லை.

பிறகு குழந்தைவேலுவின் கை பெல்ட்டில் மாட்டியது.

தறிக்காரனுக்குக் காதுதான் கண். நூல் அறுந்தால் தறியின் குரல் மாறும், பெல்ட் நழுவினால் மோட்டார் வேறு மாதிரி முனகும், கேட்டுக்கொண்டே கை தானாக விலகும். குழந்தைவேலு ஒன்றும் கேட்காமல் கையைக் கொண்டுபோனான். பட்டறையில் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். அவன் கத்தினான், கத்தினான், தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினான். யாரோ எதேச்சையாகத் திரும்பிப் பார்த்து மோட்டாரை நிறுத்தியபோது வலது கையில் ஆட்காட்டி விரல் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சம்பூர்ணம் சுவரில் சாய்ந்து வாயைத் திறந்து அழுதாள். பக்கத்தில் வசந்தாமணி நின்றாள். அப்போது அவள் சொல்லியிருக்கலாம். சிலேட்டை எடுத்தாள், சாக்கட்டியை எடுத்தாள், ‘சம்பூர்ணம்’ என்று மட்டும் எழுதி, மேலே எழுத முடியாமல் முந்தானையால் துடைத்துவிட்டாள். அதை நாங்கள் சொல்லாமல் விடக் கூடாது. அவளும் விட வேண்டாம் என்றுதான் பிற்பாடு சொன்னாள்.

குழந்தைவேலு கட்டோடு வீடு திரும்பிய பின், ஊர் இரண்டாகப் பிரிந்தது. சத்தம் வேண்டும் என்றார்கள் பாதிப் பேர்; இன்னும் கொஞ்ச நாள் இப்படியே கிடக்கட்டும் என்றார்கள் மீதிப் பேர். இதைப் பேசி முடிவெடுக்கவும், எது எப்படியானாலும் இவ்வளவு பெரிய சொல்லை எழுதியவளுக்கு மரியாதை செய்யவும் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார் அர்த்தநாரி. பேச முடியாத கூட்டம். மேடையில் கரும்பலகை. ஒருவர் பின் ஒருவராக ஏறி எழுதிவிட்டு இறங்கினார்கள். சம்பூர்ணத்தைக் கட்டாயப்படுத்தி நாற்காலியில் உட்கார வைத்து, அர்த்தநாரி பொன்னாடையை விரித்தார். சம்பூர்ணம் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். பணிவு என்று நினைத்துக்கொண்டு நாங்கள் கை தட்டினோம், சத்தமில்லாமல், நூற்றுக்கணக்கான உள்ளங்கைகள் சிறகடிப்பதுபோல.

பொன்னாடை சம்பூர்ணத்தின் தோளில் படுகிற நேரம், பெண்கள் பக்கத்திலிருந்து வசந்தாமணி எழுந்தாள். நாற்காலி விழுந்தது. நேராக மேடை ஏறினாள், அர்த்தநாரி எழுதியிருந்ததைப் புறங்கையால் அழித்தாள், எழுதினாள்:

‘அது என் சொல். நான் எழுதினேன்.’

யாரும் அசையவில்லை. யாருக்கும் புரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, கீழே இன்னும் பெரிதாக எழுதினாள்: ‘அவள் எழுதியது தடதட. அடித்துவிட்டு நான் எழுதினேன். என்னுடையது. என்னுடையது.’ சாக்கட்டி உடைந்தது.

இரக்கப்பட்டோ, மனம் திருந்தியோ அவள் அதை எழுதவில்லை. அவள் முகத்தைப் பார்த்த எங்களுக்குத் தெரியும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவளை வழிமறித்துப் பிடுங்குகிற முகம் அது. பிடுங்கி முடித்த பிறகுதான் முதல் வரிசையில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்த குழந்தைவேலு அவள் கண்ணில் பட்டான். அவன் பக்கத்தில் இருந்த ஈஸ்வரமூர்த்தி, வாழ்க்கையில் முதல்முறையாக, அவள் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தான். வசந்தாமணி மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எழுந்து வந்தது சம்பூர்ணம்தான். பொன்னாடையை உருவி நாற்காலியில் போட்டாள். மேஜைமேலிருந்த ‘புதுப்பாவு’வை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்து, அர்த்தநாரியின் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, இரண்டையும் வசந்தாமணியின் மடியில் வைத்தாள். சொல்லின் மேல் விரலை வைத்துக் காட்டி, குறுக்கே ஒரு கோடு இழுத்துக் காட்டினாள்.

வசந்தாமணி தன் சொல்லைப் பார்த்தாள். அச்சில் அழகாக இருந்தது. அடித்தாள்.

மண்டபத்துக்குள் சத்தம் கூரை இடிந்ததுபோல விழுந்தது. மின்விசிறி, இருமல், வளையல், பிள்ளைகளின் வீறிடல், எங்கள் எல்லோருடைய மூச்சு. அதற்கு நடுவே குழந்தைவேலு, “ஏனுங்கண்ணி?” என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

மண்டபத்தில் அடித்தது மண்டபத்துக்கு மட்டும். ஒவ்வொரு வீட்டுப் பிரதியிலும் அவள் கையாலேயே அடிக்க வேண்டியிருந்தது. வாய்க்கால்மேட்டின் ஒவ்வொரு வாசலிலும் அவள் போய் நின்றாள். சிலர் செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள், சிலர் பத்திரிகையை வாசலிலேயே வீசினார்கள், சிலர் அவள் அடிக்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்று, சத்தம் வந்ததும் திட்டத் தொடங்கினார்கள். அவள் திரும்பக் கொண்டுவந்த முதல் சத்தமே அவளைத் திட்டுவதாக இருந்தது. பிரதியைக் கொளுத்தியவர் வீட்டில் சாம்பலைத் தட்டில் பரப்பி, சொல்லை விரலால் எழுதி, அதன்மேல் கோடு இழுத்தாள். பரீட்சை முடியட்டும் என்று கெஞ்சிய பிள்ளைகள் வீட்டுக்கு இரண்டாம் முறை போனாள். கல்யாணமான புதுசில் இருந்த ஒரு பெண், “எங்கூட்ல மட்டும் உடுங்கக்கா, என்ற மாமியா பேச்சுக் கேக்காம நல்லாருக்குது” என்று சிலேட்டில் எழுதிக் காட்டினாள். வசந்தாமணி சிரிக்கவும் இல்லை, விடவும் இல்லை. தன் சொல்லைத் தானே அடித்து அடித்து அவள் கை வீங்கிப்போனது. தெருத்தெருவாகத் தறிகள் குரல் பெற்று, ஊர் பழையபடி இரைந்தது.

கடைசியில் பட்டறை வீடு மிஞ்சியது. ஒரு காலை நேரம், ஆண்கள் பட்டறைக்குப் போயிருந்தார்கள். சம்பூர்ணம் தன் பிரதியோடு புழக்கடைப் பக்கம், பப்பாளி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். வசந்தாமணி பேனாவோடு போய் நின்றாள். சம்பூர்ணம் தலையை அசைத்தாள். பத்திரிகையை மரத்தடியில் வைத்துவிட்டு எழுந்து, அவள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு, சத்தம் தொடங்குகிற இடமான துவைக்கிற கல்வரை நடந்து வந்தாள்.

“அதை அடிக்க வேண்டாமுங்க,” என்றாள். அத்தனை நாளுக்குப் பிறகு கேட்ட அவள் குரல் கரகரத்தது.

“ஏம்புள்ள?”

“என்ற வீட்டுக்காரர் விரல் போனதை நான் மறக்கமாட்டேன்க்கா. செத்தாலும் மாட்டேன். ஒரே ஒலையில சோறு தின்னாலும் அது இருக்கும்.” சம்பூர்ணம் திரும்பி மரத்தடியில் கிடந்த பத்திரிகையைப் பார்த்தாள். “ஆனா ராத்திரி பகலா அந்தச் சொல்லைத்தான் நெனைக்கறேன். நான் எழுதினதெல்லாம் ஒண்ணொண்ணும் ஒரு சத்தம். மழைன்னா மழை, தவளைன்னா தவளை. இது எல்லாத்தையும் ஒரே வாயில முழுங்கிடுச்சுங்களே. எப்படி எழுதுனீங்க? நானும் எழுதிப் பாத்தேன். நீங்க உக்காந்த அச்சாபீஸ் ஸ்டூல்லயே போய் உக்காந்து, உங்க செவப்புப் பேனாவுலயே எழுதிப் பாத்தேன். வரமாட்டேங்குது.”

அவள் கண்கள் சிவந்திருந்தன. அழுததனால் அல்ல. வசந்தாமணிக்கு அந்தச் சிவப்பு நன்றாகத் தெரியும்.

“எனக்கு வரலைக்கா,” என்றாள் சம்பூர்ணம் மறுபடி, பல்லைக் கடித்துக்கொண்டு.

வசந்தாமணி பேனாவின் மூடியை மெல்ல மாட்டினாள். பிறகு ஓரகத்தியைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, தானும் பக்கத்தில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். வெகுநாளாக நெஞ்சில் நின்ற புளிப்பு இறங்கிப் பசி எடுப்பதுபோல இருந்தது அவளுக்கு. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. பப்பாளி மரத்தில் ஒரு மைனா வந்து உட்கார்ந்து, அலகைத் திறந்து திறந்து மூடியது. இரண்டு பெண்களும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.